படத்துக்குள் புதைந்த பெயர்

"ஒங்க தோட்டத்துப் பெரிய கிளாக்கரு இப்பதான் கடையிலேருந்து போறாரு, தங்கச்சி" என்றான் மதுரன். இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். "அந்த வெடிப்புப் படத்த எடுத்தது யாருன்னு கண்டுபிடிச்சுத் தரணுமாம்."

பிரேமினி கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் பதினோரு பிள்ளைகள் அங்கே தொட்டிலில் தூங்கும். தொட்டில்களுக்கு மேலே சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மூன்று தடவை சொல்லியும் ஆபீஸ் அசையவில்லை. போன வியாழக்கிழமை அதைப் படமெடுத்துப் பொய்ப்பெயரில் முகநூலில் போட்டாள். நானூறு பேர் பகிர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள் வந்து வெடிப்பில் சீமெந்தை அப்பி, பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனான். மறுநாளே, அந்தப் படம் நம் தோட்டத்துடையது இல்லை என்று ஆபீஸ் சொல்லிவிட்டது.

"நம்ம தோட்டமே இல்லங்கிறவரு, எடுத்த ஆளத் தேடி எதுக்கு பஸ் ஏறி வந்தாரு?"

"அதத்தான் நானும் கேக்க வந்தேன். வாய மூடிக்கிட்டேன். கம்ப்யூட்டர் பழுதுன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். நாளைக்குப் படத்தக் கண்டிக்குக் கொண்டு போயிக் காட்டுவாராம்." மதுரன் குரலைத் தாழ்த்தினான். "அவரு போன பொறகு படத்தப் போட்டுப் பாத்தேன். ஒம்பேரு இருக்கு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

போன வருடம் அவள் எடுத்த பனிமூட்டப் படம் ஒன்றை, சுற்றுலாப் பக்கம் ஒன்று திருடிப் போட்டது. மூலையில் அவள் எழுதியிருந்த பெயரை வெட்டி எறிந்திருந்தார்கள். அந்தக் கோபத்தில் மதுரனிடம் கேட்டு ஒரு செயலியைப் போட்டுக்கொண்டாள். எடுக்கிற ஒவ்வொரு படத்தின் புள்ளிகளுக்குள்ளும் அது பெயரையும் தேதியையும் இடத்தையும் புதைத்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஓரத்தை வெட்டினாலும், முகநூல் படத்தைச் சுருக்கினாலும் போகாது. தானாக நடக்கிற வேலை என்பதால் மறந்தே போனாள். கணக்குக்குத்தான் பொய்ப்பெயர். படத்துக்குள் அசல் பெயர்.

"அழிக்க முடியாதாண்ணே?"

"அழியவே கூடாதுன்னுதானே கேட்டு வாங்குன?"

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு வருடமாக நிரந்தரமாக்காமல் இழுத்தடிக்கிற வேலை. ஒரு வார்த்தையில் நிறுத்திவிடலாம். பேசாமல் இருந்தாலும் கண்டியில் கண்டுபிடித்துவிடுவார்கள், அல்லது கண்டுபிடிக்காமலும் போகலாம். கண்டுபிடிக்காவிட்டால் அவள் வேலை தப்பும். பிள்ளைகள் அந்தச் சுவரடியிலேயே தூங்கும்.

"கம்ப்யூட்டர்ல பேரு தெரியிற பக்கத்தப் படமெடுத்து எனக்கு அனுப்புங்க" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டு முடிந்து தாய்மார் பிள்ளைகளோடு வந்தபோது பெரிய கிளாக்கர் வாசலில் நின்றார்.

"நல்லாப் பாத்துக்கங்க. சுவரு புத்தம்புதுசு. அந்தப் படம் இந்தியாவுல எங்கயோ எடுத்தது. இல்லாட்டி கம்ப்யூட்டர்ல செஞ்சது."

தாய்மார் சுவரைப் பார்த்தார்கள். பாதிப் பேர் நம்பிவிட்டது முகத்தில் தெரிந்தது. இடுப்பில் ஏழு மாதக் குழந்தையோடு நாகலெட்சுமி தொட்டிலை நோக்கி நடந்தாள். பிரேமினி மேலே பார்த்தாள். பச்சைப் பெயின்ட் எல்லா இடத்திலும் காய்ந்திருந்தது. வெடிப்பு இருந்த கோட்டில் மட்டும் ஈரம் கசிந்திருந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"அக்கா, போடாதீங்க."

பிரேமினி தொட்டிலுக்குக் குறுக்கே போய் நின்றாள். மதுரன் அனுப்பிய பக்கத்தோடு கைப்பேசியை நீட்டினாள்.

"படம் நான் எடுத்தது. உள்ளுக்குள்ள எம்பேரு இருக்கு. தேதி இருக்கு. எடமும் இருக்கு. இந்தியா இல்ல, இந்த ரூம்தான்."

கிளாக்கருக்கு முகம் சிவந்தது. "யாரக் கேட்டு எடுத்த நீ?"

"எத ஐயா?" என்றாள் நாகலெட்சுமி.

"பிள்ளைக்காம்பராவத்தான்!"

பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"அப்ப இந்தியா இங்கனதான் இருக்குன்னு சொல்லுங்க" என்று நாகலெட்சுமி குழந்தையை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நாங்கதான் பாஸ்போட்டு இல்லாம வந்து போயிக்கிட்டு இருந்திருக்கோம்."

பத்து மணிக்குச் சாவியோடு ஆபீசுக்கு வா என்று பிரேமினியிடம் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அன்று ஒரு பிள்ளையும் தொட்டிலில் ஏறவில்லை. தாய்மார் கோயில் மண்டபத்தில் கம்பளியை விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தினார்கள். நாகலெட்சுமி அன்றைய பேரையும் அதற்கான சம்பளத்தையும் விட்டுவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். சிரித்தவள் கொழுந்து மலைக்குப் போய்விட்டாள். பிரேமினியோடு ஆபீசுக்கு வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை.

வேலை போகுமா என்று யோசித்துப் பார்த்தாள். போகும் என்றுதான் தோன்றியது.

ஒன்பதே முக்காலுக்குப் பிள்ளைக்காம்பராவின் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். ஈரக்கோடு காலையில் இருந்ததைவிட ஒரு சாண் கூடியிருந்தது. முதல் படம் இருட்டாக வந்தது, கதவை அகலத் திறந்து வைத்தாள். இரண்டாவது சரியாக விழுந்தது. அதைத் தன் சொந்தப் பெயரில் இருக்கிற முகநூல் கணக்கில் போட்டுவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள்.