இன்குபேட்டரைச் சுற்றிய காகித நாடா

நான்கு முறை மஜ்ஜைச் செல்களைத் தட்டில் விதைத்தேன். நான்கு முறையும் செல்கள் வெளுத்துப்போய் மிதந்தன. ஐந்தாவதுதான் கடைசி. கார்னிவல் முடிந்து வரும் சாம்பல் புதன் காலை பத்து மணிக்கு மதிப்பீட்டுக் குழு வரும். அதற்குள் தட்டில் சிவப்பணு உருவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா; எனக்குப் பொலிவிய மலைநகரமான லா பாஸை விட்டு சமவெளிக்கு வண்டி. அங்கே என் பழைய பரிசோதனைக்கூடத்தில் சிறுநீர்ப் புட்டிகள் காத்திருந்தன.

விஷயம் சின்னதுதான். எலும்பு மஜ்ஜையில் பசை மாதிரி ஒரு புரதம் உண்டு, ஃபைப்ரோனெக்டின். இளஞ்செல்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் பெருகும். பெருகி முடித்துச் சிவக்கும்போது பிடியை விடும். தட்டின் அடியில் அந்தப் புரதத்தைப் பூசி, மேலே, லா பாஸுக்கும் மேலே உச்சியில் இருக்கும் எல் ஆல்ட்டோ நகரத்து மினிபஸ் ஓட்டுநர் தோன் நிகானோர் கொடுத்த மஜ்ஜையை விட்டிருந்தேன். அந்த உயரத்துக் காற்றில் பிராணவாயு குறைவு என்பதால் அவர் உடம்பில் ரத்தம் தேவைக்கு மேல் ஊறுகிறது. என் தட்டில் மட்டும் ஊற மறுத்தது.

"நீ ரெண்டு மணிக்கொரு தரம் இன்குபேட்டர் கதவத் திறந்து பாக்குற, யோபி," என்றான் பக்கத்து மேசை லிம்பெர்ட். "புது மருமக சமைக்கிறத மாமியார் எட்டிப் பாக்குற மாதிரி. அதுங்களுக்கு வெக்கமா இருக்காதா?"

"நீ உன் எலியப் பாரு."

கார்னிவல் வெள்ளியன்று காலை ஐந்தாவது தட்டை இன்குபேட்டரின் வெதுவெதுப்பில் வைத்தேன். ஐந்து நாளுக்குத் தேவையான ஊட்டத் திரவமும் ஊற்றினேன். மதியம் வழக்கம்போல ஆய்வகத்துக்குச் 'சாயா', அதாவது அதிர்ஷ்டம் வேண்டிச் செய்யும் கார்னிவல் சடங்கு. தரையின் நாலு மூலையிலும் மது தெளித்து, கருவிகளுக்கெல்லாம் காகித நாடா சுற்றி, வண்ணக் காகிதத்தூள் தூவினோம். இன்குபேட்டர் பக்கம் மது வரக்கூடாது என்று கத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

சனிக்கிழமை சாவியோடு வந்தேன், சும்மா ஒரே ஒரு தரம் எட்டிப்பார்க்க. மது தெளிக்கவில்லை, உண்மைதான். ஆனால் மஞ்சளும் பச்சையுமாக ஒரு நாடா, கைப்பிடியையும் கதவையும் சேர்த்துப் பதினைந்து சுற்று, லிம்பெர்ட்டின் கைவேலை.

கத்தரிக்கோலை எடுத்தேன். வைத்தேன். கார்னிவலுக்கே பேர்போன ஒருரோ ஊரில் பிறந்தவள் நான். சாயாவில் சுற்றியது தானாக உதிர வேண்டும். நாம் அறுத்தால் அந்த வருஷத்து அதிர்ஷ்டம் போச்சு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கடைசித் தட்டு உள்ளே இருக்கும்போதா அதைச் சோதித்துப் பார்ப்பது?

லிம்பெர்ட்டுக்குப் போன் செய்தேன். பின்னால் பித்தளை வாத்தியங்கள் முழங்கின.

"நீ கட்டினத நீயே வந்து அவுரு!"

"டாக்டர் பட்டம் வாங்கினவளுக்குக் காகிதத்தக் கண்டா பயமா?" என்றான். "புதன்கிழமை வரேன்." வைத்துவிட்டான்.

புதன் காலை ஒன்பதரைக்கு வந்தான். தலைமுடியெல்லாம் காகிதத்தூள்.

"அறு," என்றேன்.

கத்தரிக்கோலை வாங்கினான். கதவைப் பார்த்தான். என்னிடமே திருப்பிக் கொடுத்தான். "உன் தட்டுதானே? நீயே அறு."

"யாருக்குப் பயம்னு சொன்ன?"

அதற்குள் குழுத் தலைவி டாக்டர் நின்ஃபா முன்கூட்டியே வந்து நின்றார். சிரிக்காதவர் என்று பேர். "என்ன, இன்னும் திறக்கலையா?"

கத்தரிக்கோலை நீட்டினேன். அம்மையார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எதுக்கு அறுக்கணும்? முனையத் தேடுங்க. சுருட்டிக்கிட்டே வரலாம்."

மூன்று டாக்டர்களும் சேர்ந்து சுருட்டினோம். லிம்பெர்ட் முனையைப் பிடிக்க, நான் அவிழ்க்க, டாக்டர் நின்ஃபா சுருட்ட, பதினைந்து சுற்றும் கிழியாமல் வந்தது. குழுவில் மற்றவர்கள் வாசலில் நின்று மூச்சுவிடாமல் வேடிக்கை பார்த்தார்கள்.

தட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். அடியில் கொத்துக்கொத்தாகச் செல்கள் புரதத்தில் ஒட்டியிருந்தன. பிடியை விட்டவை மேலே. அவற்றைக் குழாயில் எடுத்து மையவிலக்கியில் சுழற்றினேன்.

குழாயின் அடியில் கடுகளவு சிவப்பு.

"இந்தத் தடவை என்ன மாத்தினீங்க?" என்றார் டாக்டர் நின்ஃபா.

"ஒண்ணும் மாத்தல, டாக்டர். அஞ்சு நாளா திறக்கல. மத்த தடவையெல்லாம் ரெண்டு மணிக்கொரு தரம் தட்ட வெளிய எடுத்து ஆட்டி..." சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. ஒட்ட வந்த செல்களை ஒட்டவிடாமல் உலுக்கியது நான்தான்.

"அத நான் ஒரு மாசமா சொல்றேன்," என்றான் லிம்பெர்ட் கூரையைப் பார்த்து.

"ஒரு தடவை வந்தா போதாது," என்றார் டாக்டர் நின்ஃபா. "ஆறு மாசம் தரேன். ரெண்டு தட்டு வைங்க. ஒண்ணத் தொடவே கூடாது. இன்னொண்ண ரெண்டு மணிக்கொரு தரம் எடுத்து ஆட்டணும்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆட்டுற வேலைய நீங்களே பாருங்க. அனுபவம் இருக்கு."

சுருட்டிய நாடாவை லிம்பெர்ட் கையில் கொடுத்தார். "தொடக்கூடாத தட்டுக்கு இதையே கட்டுங்க. இருபது சுத்து."