அவர்தான் வரவேணும்

முசலிக் கரையில் மீனைக் காயவைத்துக் கருவாடாக்குகிற வாடி ஒன்றுக்கு வேலைக்குப் போயிருந்த கீர்த்தனன், மாதம் முடியமுன்னமே வீட்டுக்கு வந்து நின்றபோது சுபத்திராவுக்கு முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. காய்ச்சலாக்கும் என்று நினைத்தாள். தம்பி பையைத் தகரக் கொட்டிலின் மூலையில் போட்டுவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனான். குளித்தான். தலை காயமுன்னம் திரும்பவும் போய்க் குளித்தான். சோற்றை நின்றபடியே இரண்டு வாய் தின்றான். கதிரையைக் காட்டி இரு என்றபோது, மூலம் இறங்கியிருக்கு, இருக்க ஏலாது என்றான்.

அவளுக்கு அவனைவிடப் பன்னிரண்டு வயது கூட. தாய் தகப்பன் செல்லடியில் செத்துப்போய், புருசனும் கடைசிச் சண்டையில் காணாமல் போனபிறகு இவன் ஒருவன்தான் அவளுக்கு மிச்சம். சனத்துக்குள் கை நழுவிவிடும் என்று சீலைத் தலைப்பால் அவன் மணிக்கட்டைத் தன் கையோடு சேர்த்து முடிந்துகொண்டு நீரேரியைக் கடந்தவள் அவள். கடந்து வந்த இடத்தில், இயக்கத்தில் இருந்தவனென்று ஆமி அவனைப் பிரித்துப் புனர்வாழ்வு முகாமுக்குக் கொண்டு போனது. விட்டபிறகு இருவரும் விடத்தல்தீவுக்குப் பின்னாலுள்ள தங்கள் ஊருக்கு வந்து குடியேறினார்கள். வயலில் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை. விதைக்க வழியில்லாததால்தான் அவன் கரைக்கு வேலைக்குப் போனான்.

மூலத்துக்கு வைத்தியரிடம் போவம் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் கேட்கவில்லை. இரவில் தூங்கவில்லை. கரையில் உடுத்த சாரம் ஒன்றைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினான். ஏன் என்று கேட்டதற்கு, கருவாட்டு மணம் போகுதில்லை என்றான். இப்படியே ஒரு கிழமை போனது. ஒருநாள் பின்னேரம் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினான்.

“அக்கா, எயிட்ஸ் ஒருதரம் பட்டாலே வருமோ?”

சுளகைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு எழும்பி, யோசிக்காமல், கன்னத்தைப் பொத்தி ஓர் அடி போட்டாள். எந்தப் பொம்பிளையிட்டைப் போனனி, இதுக்கோ உன்னைக் காப்பாத்தினனான் என்று கத்தினாள். அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

“பொம்பிளையில்லை அக்கா,” என்றான். “சம்மாட்டி.”

சம்மாட்டி என்றால் வாடியின் சொந்தக்காரன். படகும் வலையும் அவனுடையவை. கரையில் பாதிச் சனம் அவனிடம்தான் வேலை செய்தது. சுபத்திராவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. ஓர் ஆம்பிளைக்கு இப்படி நடக்குமென்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் கடலுக்குப் போன இரவில், வாடிக்குள் கதவைச் சாத்திவிட்டுத் தன்னை அமத்திப் பிடித்ததாகவும், வெளியே சொன்னால் புனர்வாழ்விலிருந்து வந்தவனுக்குப் புதுசாக ஒரு வழக்குப் போட்டுத்தர ஆளிருக்கு என்று சொன்னதாகவும் அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் அடித்த கையை மடிக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள். அந்தக் கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்தநாள் காலமை அவனைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் பஸ் ஏறினாள். ஆசுப்பத்திரியில் இந்த வருத்தங்களுக்கென்று தனிக் கிளினிக் இருந்தது. வாசலில் யாராவது ஊர்க்காரர் கண்டுவிடுவார்களோ என்று முக்காடு போட்டுக்கொண்டு இருந்தாள். அவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். நெடுநேரம் கழித்து, அவன் சம்மதித்தபடியால், அவளையும் கூப்பிட்டார்கள்.

டொக்டர் ஸுஹறா கண்ணாடி போட்ட, மெல்லப் பேசுகிற மனிசி. நடந்தது தம்பியின் பிழையில்லை என்பதைத்தான் முதலில் சொன்னா. வேறு தொற்றுகளுக்கு ஊசி போட்டாயிற்று, காயத்துக்கும் மருந்து குடுத்தாயிற்று என்றா. எச்.ஐ.வி வராமல் தடுக்க ஒரு குளிசை இருக்கிறது, அதை மூன்று நாளுக்குள் தொடங்க வேணும், இப்போது தொடங்கிப் பிரயோசனமில்லை என்றும் சொன்னா.

“மூண்டு நாளோ?” என்றாள் சுபத்திரா.

“ஓம் அம்மா. ஆனா பிந்தினபடியால் வந்திட்டுது எண்டில்லை. வராமலிருக்கிறதுக்குத்தான் கூடச் சந்தர்ப்பம். பாத்துத்தான் சொல்லலாம்.”

அந்த மூன்று நாளும் அவன் தன் கண்முன்னே கிணற்றடிக்கும் கொட்டிலுக்குமாக நடந்து திரிந்தவன். தான் மூல வருத்தத்துக்குக் கருணைக்கிழங்கு தேடித் திரிந்தவள். டொக்டர் பிறகு சொன்னதெல்லாம் அவளுக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. இன்றைக்கு எடுத்த இரத்தத்தில் முன்னமே இருந்த தொற்று மட்டும்தான் தெரியும், ஒன்றரை மாதத்தில் ஒருதரமும் மூன்று மாதத்தில் ஒருதரமும் எடுத்தால்தான் உறுதி என்றா. பொலிசில் முறைப்பாடு செய்யலாம், தான் அறிக்கை தருவன் என்றபோது கீர்த்தனன் மாட்டன் என்று தலையாட்டினான். எத்தனை தரம் கேட்டாலும் அதே தலையாட்டல்தான்.

முறைப்பாடு இல்லையென்றால் தானாவது போய்க் கேட்பது என்று சுபத்திரா முடிவெடுத்தாள். அவனுக்குச் சொல்லாமல் ஒருநாள் முசலிக்கு வெளிக்கிட்டாள். பஸ்ஸில் போகும்போது முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், எப்படித் தொடங்குவது, சனத்துக்கு முன்னால் எந்தச் சொல்லைச் சொல்வது என்று. சம்மாட்டி வாடிக்கு வெளியே நின்று மீன் காயப்போடுகிற பெண்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு. அவளைக் கண்டதும் தானாகவே வந்தான்.

“கீர்த்தனன்ரை அக்காவெல்லோ? வாங்கோ. தம்பிக்குச் சுகமோ? சொல்லாமல் போயிட்டான். வரச் சொல்லுங்கோ, நல்ல பிள்ளை.”

அவள் வாயைத் திறந்தாள். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சொன்னால் தம்பியின் பெயர் அல்லவா கரை முழுக்கப் போகும்? சம்மாட்டி உள்ளே போய்ப் பாரைக் கருவாட்டைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினான். அவளுடைய கை அதை வாங்கிக்கொண்டது. வாங்கியபிறகுதான் வாங்கியது தெரிந்தது. பஸ் தரிப்பிடத்துக்கு வந்து, அதைக் காகங்களுக்கு வீசிவிட்டு, மணலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வீட்டில் இதை அவள் சொல்லவில்லை.

கீர்த்தனன் தனக்கென்று சோற்றுக்கு ஒரு கோப்பை, தேத்தண்ணிக்கு ஒரு பேணி ஒதுக்கினான். பாயையும் வெளியே போட்டான். தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் பரவாது என்று கிளினிக் நேர்ஸ் நசீறா எத்தனையோ தரம் விளங்கப்படுத்தியிருந்தா. அதைக் காட்டுவதற்காக ஒருநாள் சுபத்திரா அவனுடைய கோப்பையிலிருந்தே ஒரு பிடி சோற்றை அள்ளி வாயில் போட்டாள். அவன் அப்படியே எழும்பிப் போய்விட்டான். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

ஒன்றரை மாதத்தில் எடுத்த இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது. அவள் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். அவன் சிரிக்கவில்லை. இன்னும் ஒருக்கால் பாக்கக் கிடக்கு, அதில்தான் வரும் என்றான். காய்ச்சல் காய்ந்தாலும், தலையிடித்தாலும், வாயில் ஒரு புண் வந்தாலும் அதுதான் என்றான். மூன்றாம் மாதம் அவளே கையைப் பிடித்துக் கூட்டிப் போய் இரத்தம் குடுப்பித்தாள். அடுத்த கிழமை வந்து கேட்கச் சொன்னார்கள்.

அந்தக் கிழமைக்குள் அவன் போய்விட்டான். அவள் நிவாரண அரிசிக்குக் கூப்பன் கடையில் நின்ற நேரம், பையையும் எடுத்துக்கொண்டு மதவாச்சி பஸ்ஸில் ஏறினதைப் பக்கத்து வளவுச் சிவராசா கண்டிருக்கிறார். மேசன் வேலைக்குப் போறன், அக்காவிட்டைச் சொல்லுங்கோ என்றானாம். அவனுடைய போன் வேலை செய்யவில்லை.

சொன்ன நாளில் சுபத்திரா தனியாகக் கிளினிக்குக்குப் போனாள். நேர்ஸ் நசீறா அவளைக் கண்டதும் பின்னால் பார்த்தா.

“தம்பி வரேல்லையோ?”

அவள் நடந்ததைச் சொன்னாள். முடிவை மட்டும் சொல்லுங்கோ, நான் அவனுக்கு எப்படியும் அறிவிப்பன் என்றாள்.

“எனக்குச் சொல்ல உரிமையில்லை அக்கா. ஆருக்கும் சொல்லமாட்டம். அவர்தான் வரவேணும்.”

“நல்லதெண்டால் ஓம் எண்டு தலையை மட்டும் ஆட்டுங்கோ மிஸ்.”

நசீறாவின் கண் கலங்கியது. ஆனால் தலை அசையவில்லை. நல்லதுக்கு இன்றைக்குத் தலையாட்டினால், நாளைக்கு நான் ஆட்டாமல் விடுகிற ஆளுக்கு அது என்ன சொல்லும் அக்கா என்று கேட்டா. அது சரிதான் என்று சுபத்திராவுக்கும் பட்டது. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. கண் கலங்கினது ஏன் என்று பஸ்ஸில் வரும்வழி முழுக்க யோசித்தாள். தன்னைக் கண்ட இரக்கமோ, அவனுடைய முடிவைப் பார்த்த இரக்கமோ? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது இரண்டாகவுமே தெரிந்தது.

சில நாள் கழித்து, தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து போன் வந்தது. கீர்த்தனன்தான். சாப்பிடுறன், சுகமாயிருக்கிறன் என்றான். பிறகு கேட்டான்.

“போனனியோ அக்கா? என்ன வந்தது?”

“எனக்குச் சொல்லேல்லையடா. உன்னைத்தான் வரட்டாம். நீ உடனை வெளிக்கிட்டு வா.”

“ஒண்டுமில்லையெண்டால் சொல்லியிருப்பினம்தானே,” என்றான்.

“இல்லைத் தம்பி, எல்லாருக்கும் அப்படித்தானாம், ஆருக்கும் சொல்ல ஏலாதாம். நான் சொல்லுறதைக் கேள்...”

“சரி அக்கா. நீ கவனம்.”

வைத்துவிட்டான். அவள் அந்த நம்பருக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள். யாரோ ஒருவன் எடுத்துச் சிங்களத்தில் பேசினான். தம்பி, தம்பி என்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் தமிழ் தெரிந்த ஒருவர் வாங்கி, இது சிலாபத்தில் காசுக்குப் போன் கதைக்கிற ஒரு கொமினிகேசன் கடை, அந்தப் பெடியன் போயிட்டான், எந்தப் பக்கம் போனானெண்டு பாக்கேல்லை என்றார்.

அடுத்தநாள் விடிய, கொட்டில் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுச் சுபத்திரா சிலாபத்துக்கு வெளிக்கிட்டாள். அவனுடைய படம் ஒன்று, முகாமில் எடுத்தது, கையில் இருந்தது. அங்கே போய் யாரிடம் கேட்பது, எந்தப் பாசையில் கேட்பது என்று அவளுக்குத் தெரியாது. பஸ் வந்தது, ஏறினாள்.