ஆண்கள் மாடியில் எடுத்த கோட்டு

1

"இது ஆம்பளைக் கோட்டுடி, இதைப் போய்..."

"தையலைப் பாருக்கா, உள்பக்கம் திருப்பி..."

"நான் எதுக்குத் திருப்பணும்? நாளைக்கு உள்பக்கத்தைக் காட்டிக்கிட்டா போய் உட்காரப் போற?"

"லேடீஸ் மாடியில இருக்கறதெல்லாம் பசை போட்டு ஒட்டினதுக்கா. நாலு தடவை சலவைக்குப் போட்டா நெஞ்சுப் பக்கம் துணி கொப்புளம் கொப்புளமா..."

"இன்டர்வியூ முடியற வரைக்கும் ஒட்டிட்டு இருந்தா போதாதா?"

"உனக்கு எதுவுமே முடியற வரைக்கும் இருந்தா போதும்!"

"கத்தாதே. வெளியில யாரோ உட்கார்ந்திருக்காங்க."

அந்த யாரோ நான்தான். துணிக்கடையில் உடை மாற்றிப் பார்க்கும் அறைகளுக்கு வெளியே, மனைவிக்காகக் காத்திருக்கும் கணவன்மாருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருப்பார்களே, அதில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில் என் மருமகள். வங்கியில் மேலாளர், கோட்டு போடாமல் ஆபீசுக்குப் போகிற நாள் அவளுக்கு அபூர்வம். புதிதாக ஒன்று எடுக்க வந்தவள், "நீங்களும் வாங்க அத்தை, வீட்டுலயே அடைஞ்சு கிடக்கறீங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். இந்தக் கதை கிடைத்த விதம் இவ்வளவுதான். ஒட்டுக் கேட்டேன். இதற்கு இன்னும் கௌரவமான பிறப்பு ஒன்றைக் கற்பித்திருக்கலாம். பிறகு பிடிபட்டால் அசிங்கம்.

திரை தரைவரை வரவில்லை. அதன் கீழே இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. வெறுங்கால் தங்கை, செருப்புப் போட்டவள் அக்கா. நான் கண்ணால் கண்டது அந்த நான்கு கால்கள்தான். மீதியெல்லாம் காது வழியாக வந்தது.

2

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்:

கரிய நிறக் கோட்டு அவள் தோளில் இறங்கியபோது, ஏதோ ஒரு

(ஏதோ ஒரு என்ன? எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது:

கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கண்ணாடியில் நின்றவளோ

(கதையில் ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்றால் உடனே அவளுக்கு ஞானம் பிறந்தாக வேண்டும் என்று யார் விதித்தது? அடித்தேன்.)

மூன்றாவது:

இன்றைய பெண்ணின் தொழில் வாழ்வில் உடை வகிக்கும் பங்கினை நாம் சற்றே

(இதை நான் எழுதவில்லை. கை எழுதியது.)

மருமகள் காபி கொண்டுவந்து வைத்தவள், அப்படியே நின்று மூன்றையும் படித்தாள்.

"அத்தை, கோட்டு என்ன கலர்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தோள் எப்படி நின்னுது?"

"தோள் எப்படிம்மா நிக்கும்? தோள் மாதிரிதான் நிக்கும்."

"ஆக, கோட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாம கோட்டுக் கதை எழுதறீங்க."

"கொலைகாரங்களைப் பத்திக்கூடத்தான் எழுதியிருக்கேன்."

"அதுவும் சுமார்தான்."

போய்த் தன்னுடைய கோட்டை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். எனக்குப் பாடம் நடந்தது. தோள் எலும்பு முடிகிற இடத்தில் தோள்தையலும் முடிய வேண்டுமாம். அது மட்டும் தப்பினால் எந்தத் தையல்காரராலும் காப்பாற்ற முடியாதாம். கோட்டுக் கையின் துணியை முஷ்டியில் கசக்கிப் பிடித்து விட்டால் சுருக்கம் தானாக விரிய வேண்டும். பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வயிற்றருகே துணி இழுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கேட்டதில் எதையும் வர்ணனையாக எழுத வரவில்லை. யாராவது வாயைத் திறந்தால்தான் எனக்குக் கதை நகரும். ஆகவே மறுபடியும் திரைக்குப் பின்னால் போகிறோம். வர்ணனை வேண்டுமென்பவர்கள் கடைக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

3

தங்கையின் வேலை பாலங்களைச் சோதிப்பது. பாலத்துக்கு அடியில் போய்ச் சுத்தியலால் தட்டி, உள்ளே கெட்டியா பொள்ளலா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் இன்ஜினியர். அவளுடைய இலாகாவில் தலைமைப் பதவி காலியாகியிருந்தது. மறுநாள் காலை அதற்குத்தான் நேர்காணல்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவளிடம் படிப்பவர்கள் அழுது புரண்டாலும், கை தேறாமல் லைசென்ஸ் டெஸ்டுக்கு அனுப்ப மாட்டாளாம். பயிற்சிக் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கம் காரை விட்டு இறங்கிய பிறகும் போகவில்லை. தங்கை வாயைத் திறந்தாலே திரைக்குக் கீழே அந்தச் செருப்புக் கால் தரையை அழுத்தியது.

"ஏன்க்கா தரையை மிதிக்கற?"

"நீ போற வேகத்துக்கு."

(இந்த இடத்தில் மருமகள் குறுக்கிட்டாள். "பாலம் தட்டறவங்களுக்குக் கோட்டு எதுக்கு அத்தை? ஹெல்மெட் போதாதா?" நியாயமான கேள்வி. பாலத்துக்கு அடியில் ஹெல்மெட், பாலத்தைப் பற்றி முடிவெடுக்கிற அறையில் கோட்டு. இந்த ஏற்பாட்டைச் செய்தது நானில்லை.)

பாலத்தைப் பார்க்கிற மாதிரியே தங்கை கோட்டையும் பார்த்திருக்கிறாள். தவறு அங்கேதான். பெண்கள் மாடியில் தொங்கியதையெல்லாம் உள்பக்கம் திருப்பி, மடிப்பைப் பிரித்து, விரல்முட்டியால் மார்புப் பக்கத்தைத் தட்டி, ஒவ்வொன்றையும் கழித்துக் கட்டிவிட்டு ஆண்கள் மாடிக்கு ஏறியிருக்கிறாள். அங்கே கட்டுமானம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கண்ணாடிப் பக்கம் திரும்பாமலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கடைப் பெண்மணி திரைக்கு வெளியே வந்து நின்றார்.

"மேடம், அது ஜென்ட்ஸ் பீஸ். லேடீஸ்ல இதே ஷேட் இருக்கு. நல்லா ஸ்லிம்மா காட்டும்."

"என்னை ஸ்லிம்மா காட்ட வேண்டாம். அதுல பாக்கெட் இருக்கா?"

"பாக்கெட் மாதிரி இருக்கும் மேடம்."

"மாதிரியா?"

"டிசைன் மேடம்."

"நாளைக்கு இன்டர்வியூவைப் பதிவு பண்ண எனக்குக் காலர்ல மைக் மாட்டுவாங்க. அதுக்கு ஒரு டப்பா உண்டு. அதை எங்க வெச்சுக்கறது, டிசைன்லயா?"

அக்கா உள்ளே புகுந்தாள். "அதெல்லாம் இருக்கட்டும். கையைத் தூக்கு. போர்டுல எதையாவது காட்டுவல்ல, அப்படித் தூக்கு."

சற்று நேரம் துணி உரசும் சத்தம்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலையா? கோட்டு மொத்தமும் கூடவே ஏறி வந்து காதுல உட்கார்ந்துக்கிச்சு. தோள் ரெண்டும் ஆளில்லாம தொங்குது. பாலம் நல்லாத்தான்டி கட்டியிருக்கான். இந்த ஆத்துக்குக் கட்டல, அவ்வளவுதான்."

இந்த வரிக்காக நான் என் கதைகளில் பாதியைக் கொடுத்துவிடுவேன். அது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளின் வாயிலிருந்து, கோபத்தில், சும்மா வந்து விழுந்தது. எழுத்தாளர்களுக்கு எரிச்சல் வருவது இப்படித்தான்.

4

(இந்தப் பகுதி கதைக்குத் தேவையில்லை. அவசரக்காரர்கள் ஐந்துக்குப் போகலாம்.)

ஆணின் கோட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? வெளியே பை, உள்ளே பை, உள்ளேயிருப்பதற்குள்ளே பேனாவுக்குத் தனியாக ஒரு சின்னப் பை. ஒரு குடும்பம் குடித்தனம் நடத்தலாம். பெண்ணின் கோட்டுக்கு வாய் இருக்கும், வயிறு இருக்காது. விரலை விட்டால் நகத்தோடு நின்றுவிடும். கேட்டால், பை வைத்தால் இடுப்பு பருத்துத் தெரியுமாம். இடுப்பு எப்படித் தெரிய வேண்டும் என்று கவலைப்பட்ட அந்த மகானுபாவர், அதே இடுப்போடு ஒருத்தி நாள் முழுக்க எழுந்து, உட்கார்ந்து, கையை நீட்டிப் பேசி, நாலு பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டுமே என்று ஒரு நிமிஷம் யோசித்தாரா?

மருமகள் சொல்கிறாள்: "அத்தை, இது கதை இல்ல, புகார்." இருக்கட்டும். சில நல்ல கோட்டுகளில் உண்மையான பையையும் நூல் போட்டு மூடித்தான் வைத்திருப்பார்களாம், வாங்கியவர் பிரித்துக்கொள்ள வேண்டுமாம். அதையும் அவளே சொன்னாள். அது தெரியாமல் எத்தனை பேர் மூடிய பையோடு ஓய்வே பெற்றிருப்பார்களோ

(நிறுத்துகிறேன். இதற்குமேல் போனால் கட்டுரைப் போட்டி.)

5

இதுவரை எழுதியதில் தங்கை வெறும் பிடிவாதக்காரியாக நிற்கிறாள். எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. ஒரு நாள் கூத்துக்கு இவ்வளவு ரகளையா? அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"போன தடவை நான் எடுத்துக் கொடுத்தேனே, ரோஜா கலர்ல, அதையே போட்டுக்கிட்டா என்ன? பார்க்கறவங்களுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியா..."

"வேணாம்."

"அதுக்கு என்ன குறைச்சல்?"

"வேணாங்கறேன்ல."

"காரணம் சொல்லுடி. எதைக் கேட்டாலும் வேணாம், வேணாம். சின்னக் குழந்தை மாதிரி..."

"உள்ள நுழைஞ்சேன்க்கா. மேசைக்கு அந்தப் பக்கம் அஞ்சு பேரு. நடுவுல இருந்தவர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, 'கேண்டிடேட் இன்னும் வரலையாம்மா?'ன்னு என்கிட்டயே கேட்டார்."

அக்காவின் செருப்புக் கால் ஒரு அடி அவள் பக்கம் நகர்ந்தது.

"நீ என்ன சொன்ன?"

"வந்துட்டாங்கன்னு சொன்னேன்."

"யாரு வந்துட்டாங்க?"

"நான்தான். எனக்கே என்னைப் பத்தி அப்படித்தான் வாயில வந்துது. யாரோ ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தவ மாதிரி. அப்புறம் உட்கார்ந்தேன். கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் சொன்னேன். ஆனா அந்த வார்த்தையிலிருந்து எழுந்திரிக்கவே முடியலக்கா. எனக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தவனுக்குக் கொடுத்துட்டாங்க. அவனும் இப்ப விட்டுட்டுப் போயிட்டான்."

"இதை ஏன்டி அப்பவே என்கிட்டச் சொல்லல?"

"கோட்டு நீ எடுத்துக் கொடுத்தது."

"அப்போ என்னாலதான்னு சொல்றியா?"

"உன்னாலன்னு சொல்லல. கோட்டாலன்னும் சொல்லல. அதே அறைக்கு, அதே ஆளுங்க முன்னால, அதே மாதிரி போக மாட்டேன்னு சொல்றேன். அவ்வளவுதான். இதுக்குப் போய் ஆம்பளைக் கோட்டு, பொம்பளைக் கோட்டுன்னு உயிரை வாங்கற."

நான் நாற்காலியில் அசையாமல் இருந்தேன். மருமகள் அவளுடைய அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அத்தை, இது எப்படி இருக்கு?" என்று கேட்டாள். உதட்டில் விரலை வைத்தேன். அவள் என்னை முறைத்தாள்.

6

இனி முடிவு. எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன்.

முதல் முடிவு: பொருத்தமான நல்ல கோட்டு கிடைக்கிறது. போட்டுக்கொண்டு போகிறாள். பதவி கிடைக்கிறது. மருமகள் கேட்டாள்: "அப்போ இத்தனை வருஷமா பாலத்தைத் தட்டினது எதுக்கு அத்தை? கோட்டுக்கா வேலை கொடுத்தாங்க?" சரிதான். இப்படி முடித்தால் கடைக்காரர் இதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிடுவார்.

இரண்டாவது: அதே கோட்டு. பதவி கிடைக்கவில்லை. அப்படியானால் உங்களை இவ்வளவு தூரம் இழுத்துவந்தது எதற்கு என்று நீங்கள் என்னைக் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

மூன்றாவது: ஆண் கோட்டோடு நிமிர்ந்து போகிறாள். நடுவில் உட்கார்ந்தவர் வாயடைத்துப் போகிறார். நிறையப் பேருக்கு இது பிடிக்கும். ஆனால் தோள் பொருந்தாத கோட்டில் யாரும் நிமிர முடியாது, சும்மா இருக்கிறீர்களா? மேசையில் விரித்து வைத்து மருமகள் எனக்கு அதைத்தானே முதலில் சொல்லிக்கொடுத்தாள்.

நான்காவது: வழக்கமாகப் போடுகிற சட்டையோடு, 'நான் நானாகவே போகிறேன்' என்று

(வேண்டாம். இதை யோசித்ததற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

எந்தப் பக்கம் போனாலும் கோட்டுதான் தீர்ப்புச் சொல்கிறது. நான் எழுத நினைத்தது ஒரு பெண்ணைப் பற்றி. எனக்குக் கிடைத்துக்கொண்டே இருப்பது ஒரு துணியைப் பற்றிய கதை. இந்த வயதில் எனக்கு இந்த ரோதனை வேண்டாம். முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து பேரையும் நீங்களே நாற்காலியில் உட்காரவையுங்கள். கேட்டதில் மிச்சமிருப்பதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

7

அக்கா வெளியே வந்தாள். என்னைக் கவனிக்காமல் போய், பெண்கள் பிரிவிலிருந்தே இன்னொரு கோட்டோடு திரும்பிவந்து உள்ளே நுழைந்தாள். நிறம் எனக்குத் தெரியவில்லை. கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இதைப் போடு. பேசாதே, போடு. கையைத் தூக்கு. இன்னும் தூக்கு. சரி, இறக்கு. உட்காரு."

"எங்க உட்கார்றது?"

"அந்த ஸ்டூல்ல. பட்டனைப் போட்டுட்டு உட்காரு. மூச்சு விட முடியுதா? முன்னாடி குனிஞ்சு ஃபைலை எடுக்கற மாதிரி குனி. எழுந்திரு. நடந்து வா."

"ரெண்டு அடிகூட இல்லக்கா இங்க."

"இருக்கற இடத்துல நட."

நடந்தாள்.

"தோள் நிக்குதுக்கா."

"ம்."

"உள்பக்கமும் பார்த்துட்டேன். ஒட்டு வேலை இல்ல. தைச்சுத்தான் இருக்கான்."

"ம்."

"பாக்கெட் இதுலயும் பொய்தான். தையல்காரர்கிட்டக் கொடுத்துப் பை வெச்சுக்கலாம்னா நேரமில்ல, காலையிலேயே இன்டர்வியூ. மைக் டப்பாவை இடுப்புல மாட்டிக்கறேன்."

"ம்."

"என்னக்கா, ம் ம்முங்கற? இவ்வளவு நேரம் காது கிழியக் கத்தின?"

"பார்த்துட்டு இருக்கேன்."

"கோட்டையா?"

"உன்னை."

பிறகு தங்கைதான், மெதுவாக, முதல் தடவையாகச் சண்டைக்கு இழுக்காத குரலில் கேட்டாள்.

"அக்கா, அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருந்தா, என்னை எடுப்பியா?"