வீட்டுக்குத் தெரியாத விடுமுறை

ஆய்வகத்துக்குள் போகும் முன் ஃபோனை வார்டனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அந்தக் கோடைப் பயிற்சியின் முதல் விதி அது. வார்டன் அம்மா எல்லாவற்றையும் மர அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். சாயங்காலம்தான் திருப்பித் தருவார். அன்று புதன்கிழமை. காலையிலேயே டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஆய்வகம் இருட்டாகிவிட, மூன்று வாரமாக ஆற்றுத் தண்ணீரைக் குப்பிகளில் அடைத்து சோதித்துக்கொண்டிருந்த மாணவர்கள் எல்லோரும் கையில் ஃபோனோடு ஏரிக்கரைக்கு வந்திருந்தார்கள்.

பாப்பாவும் வந்திருந்தாள். இருபது வயதானாலும் கடைக்குட்டி என்பதால் வீட்டில் அவள் பாப்பாதான். ஒருமுறை அப்பா விடுதிக்கு ஃபோன் செய்து, "பாப்பா இருக்காளா?" என்று கேட்க, "இங்க குழந்தைங்க யாரும் இல்லைங்க" என்று வார்டன் வைத்துவிட்டார். அன்றிலிருந்து விடுதியிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டாள். பகலில் அம்மாவோடு பேசி எத்தனை நாளாயிற்று! ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சரி, அப்பா. அவர் பஸ் ஓட்டுகிறவர், இந்த நேரத்தில் எடுக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பாப்பா! என்னம்மா, இன்னைக்கு கிளாஸ் இல்லையா?"

"லீவுப்பா. கரண்ட் இல்ல."

"அதெப்படி திடீர்னு லீவு விடுவாங்க? ஒரு வார்த்தை முன்னாடி சொல்ல வேண்டாமா?" யாரோ அவர் ஜேபியில் கை விட்டது போலக் கோபப்பட்டார். அடுத்த நொடியே குரல் இளகியது. அங்கே வெயில் எப்படி, ஏரி ஆழமா, கூட யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். மகளிடம் ஒரு நிமிடத்துக்கு மேல் ஃபோனில் பேசியறியாத மனிதர்.

"அம்மாகிட்ட கொடுங்கப்பா."

"அம்மாவா... நீ அண்ணனைக் கேளேன்" என்று வைத்துவிட்டார்.

அண்ணன் தயாராக இருந்தான். "அம்மா ஃபோன்ல சார்ஜ் ஏற மாட்டேங்குது. பின் லூசாயிடுச்சு, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்ப உன் ஃபோன்ல பேசச் சொல்லு."

"மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்காங்க."

பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏனென்றால் இரண்டு வாக்கியங்களும் அவள் எழுதிக் கொடுத்தவை. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் வெளியூரில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். படிக்கிற பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். நண்பர்களோடு டூர் போயிருக்கிறார் என்று சொல்லலாம் என்றாள் அம்மா. பாப்பாதான் தடுத்தாள். "பொய் போரடிக்கணும்மா. அப்பதான் யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க." அப்படிப் பிறந்ததுதான் லூசான பின்னும், மாடியில் காயும் துணியும். ஊர் திரும்பி உண்மை தெரிந்ததும் அண்ணன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

"அண்ணா, இது என் பொய்."

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "வேலையா இருக்கேன் பாப்பா. சாயந்திரம் பேசறேன்." அதற்குப் பிறகு அவன் ஃபோனும் அணைந்துவிட்டது. அப்பா எடுக்கவில்லை.

"என்னடி, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்க?" ரேடியோ வந்து நின்றாள். வாய் ஓயாததால் அறைத்தோழிக்கு அந்தப் பட்டம். "போட்டுக்கு ஆள் குறையுது. உன் கால் மட்டும் போதும், மூஞ்சி வேண்டாம், வா."

மறுத்துச் சொல்லக்கூடத் தெம்பில்லாமல், படகுக்காரர் நீட்டிய மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஏறினாள். காலால் மிதிக்கிற படகு. ரேடியோ கதையளந்துகொண்டே மிதித்தாள். பாப்பா அண்ணியை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இந்த வீட்டு வித்தையெல்லாம் இன்னும் பழகவில்லை. நடு ஏரிக்குப் போனதும் எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க அண்ணி?"

"வீட்லதான் பாப்பா." பின்னால் ஏதோ சக்கரம் உருளும் சத்தம். ஒரு பெண் அதட்டினாள்: "தியேட்டர் வாசல்ல செருப்பு விடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நம்ம வீட்ல யாரு அண்ணி செருப்புக்கு இப்படிக் கத்தறது?"

அண்ணி உடைந்துவிட்டாள். "அத்தைக்குக் கர்ப்பப்பை எடுக்கறாங்க பாப்பா. ரொம்ப நாளா உதிரப்போக்காம், யார்கிட்டயும் சொல்லல. உனக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. நீ கிளாஸ் முடிச்சு வரதுக்குள்ள கண் முழிச்சு நானே பேசிடுவேன்னாங்க. காலைல உள்ள போனவங்க. ரெண்டு மணி நேரத்துல முடியும்னாங்க. மத்தியானம் ஆயிடுச்சு... ரத்தம் நிக்கலையாம். இன்னும் ரெண்டு பாட்டில் கேக்கறாங்க. உங்க அண்ணன் ஓடியிருக்கார்."

பாப்பா எழுந்துவிட்டாள். படகு ஆடியது.

"உக்காருடி, கவுத்துடாத!" என்று கத்திய ரேடியோ, அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு கரையை நோக்கி மிதிக்கத் தொடங்கினாள். பாப்பாவும் மிதித்தாள். எவ்வளவு மிதித்தும் கரை கிட்டே வருவதாக இல்லை.

"நான் கிளம்பறேன் அண்ணி."

"ஐயோ, வேண்டாம். நான் சொன்னேன்னு தெரிஞ்சா மாமா முகத்துல எப்படி முழிப்பேன்? ராத்திரி ரயிலைப் பிடிச்சாலும் நீ வந்து சேர நாளைக்கு மத்தியானம் ஆயிடும்."

"அப்ப ஃபோனை வைக்காதீங்க. ஒண்ணும் பேச வேண்டாம். ஸ்பீக்கர்ல போட்டு அப்பாவுக்குத் தெரியாம அவர் பக்கத்துல வச்சிடுங்க, போதும்."

கரையேறி, ஒரு மரத்தடியில் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு காதில் ஆஸ்பத்திரி. இன்னொரு காதில் பாட்டும் கும்மாளமும். கதவுகள் அடித்துக்கொண்டன. யாரோ இருமினார்கள். அம்மாவின் குரல் மட்டும் எங்குமே இல்லை. அந்த உதிரப்போக்கோடுதான் மூன்று வாரம் முன்பு இவளுடைய துணிகளை அம்மா பயணப்பெட்டியில் மடித்து அடுக்கினாளா? ரயிலடி வரை பையைத் தூக்கி வந்தாளா? மகள் தடுக்கத் தடுக்கப் பிடுங்கித் தூக்கினாளே! "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சிரித்தாளே! பாவி, அதை நம்பிக் கையை வீசிக்கொண்டு நடந்தோமே.

அப்போது அப்பாவின் குரல் கேட்டது. யாரையோ வழிமறித்துக் கேட்டார்.

"சிஸ்டர், ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கம்மா. இருக்காளா?"

"டாக்டர் வந்து சொல்வார். தள்ளி நில்லுங்க."

பாப்பாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அப்பா!"

நாற்காலி கிறீச்சிட்டது. "பாப்பா? இது... நீ எப்படிம்மா... ஒண்ணுமில்ல, அம்மாவுக்கு லேசா காய்ச்சல், அதான் சும்மா ஒரு..."

"நீங்க சிஸ்டர்கிட்ட கேட்டதைக் கேட்டேன்ப்பா."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்பா அழுது அவள் கேட்டதில்லை.

"பயமா இருக்கும்மா."

தைரியம் சொல்லத்தான் வாயெடுத்தாள். "எனக்கும்ப்பா" என்றாள்.

மரத்து நிழல் மெல்ல நகர்ந்து அவள் காலைத் தாண்டியது. கதவு திறந்தது. ஓர் ஆண் குரல் மெதுவாகப் பேசியது. அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. அப்பா திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது.

"ரத்தம் நின்னுடுச்சாம். ஆனா ரொம்பப் போயிடுச்சாம். மூச்சுக்கு மெஷின் வச்சிருக்காங்க. நாளைக்குக் காலை வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதாம். அவ்வளவுதான் சொன்னார்."

பயப்படாதே, படிப்பைப் பார் என்று சொல்வார் என அவள் காத்திருந்தாள்.

"நீ வந்துடும்மா" என்றார் அப்பா.

"வரேன்ப்பா. வைக்காதீங்க."

ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் சாலையைப் பார்த்து ஓடினாள். படகுக்காரர் பின்னாலிருந்து கத்தினார்: "ஏம்மா, மிதவைச் சட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போம்மா!"

"விடுங்கண்ணே, அதை நான் கொண்டு வந்து தரேன்" என்று சொல்லிக்கொண்டே ரேடியோ தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள்.