ஐந்தாவது கோடு

நான்கு மணிக்கு ஏறாவூருக்குக் கடைசி பஸ். அதற்குள் படிவத்தின் ஐந்து கோடுகளும் நிரம்பியாக வேண்டும். இல்லாவிட்டால் சீனித்தம்பி வீட்டில் இன்றைக்கும் நண்டுக் கறி.

மூன்று வாரமாக நண்டுக் கறிதான். அவரிடம் வழக்கமாக நண்டு வாங்குகிற கம்பனி கடையைச் சாத்திவிட்டது. கல்லடி வாவிக்கரையில் அவருக்கு நண்டு பிடித்துக் கொடுக்கிற பன்னிரண்டு தோணிக்காரரும் வேறு வேலை தேடத் தொடங்கியிருந்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த 2001இல் மட்டக்களப்பில் வேறு வேலையைத் தேடத்தான் முடியும்.

படிவத்தோடு வந்திருந்தவர் அஹமட். ஏறாவூர்க்காரர்; இப்போது கொழும்பில் ஓர் ஏற்றுமதிக் கம்பனிக்கு நண்டு வாங்குகிற அதிகாரி. உயிர் நண்டை விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்புகிற கம்பனி. இனிமேல் புத்தளத்தில் வாங்குவதா, மட்டக்களப்பில் வாங்குவதா என்று முதலாளிமார் முடிவு செய்யவேண்டும். படிவத்தின் தலைப்பு: ‘இம்மாவட்டத்தில் ஏற்றுமதியாளருக்குள்ள அனுகூலங்கள்.’

“அனுகூலமா? எழுதுங்க சேர்!” சீனித்தம்பி சாரத்தை இழுத்துக் கட்டினார். “முதலாவது, கரண்டு. இருவத்திநாலு மணித்தியாலமும்...”

தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறி நின்றது.

அஹமட் பேனையும் கையுமாக விசிறியைப் பார்த்தார்.

“சரி, அத விடுங்க. டெலிபோன்! நினைச்ச நேரம் கொழும்புக்கு...”

“நாலு நாளா எடுத்துப் பாத்து, கிடைக்காமத்தான் நேர வந்தன்.”

“ரோட்டு?”

“அந்த ரோட்டாலதானே வந்தன்! பதினாலு மணித்தியாலம். ஒம்பது செக்பொயின்ட். என்ட பற்பசையக் கூடப் பிதுக்கிப் பாத்திட்டுத்தான் விட்டாங்க.”

நண்டுகளின் கொடுக்கைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த அன்னப்பூரணி தலையை நிமிர்த்தினாள்.

“இஞ்சேருங்க, அவர் ஒங்களுக்குக் கலியாணம் பேசவா வந்தாரு? புளுகினது காணும். வாய மூடிட்டு இந்த நண்டக் கட்டுங்க.”

சீனித்தம்பி கட்டினார். பன்னிரண்டு தோணிக்காரருக்கும் முதலாளி, மனைவிக்கு மட்டும் கையாள்.

அன்னப்பூரணி அஹமட்டின் பக்கம் திரும்பினாள். “சேர், புத்தளத்து நண்டு கொழும்புக்கு வர எவ்வளவு நேரம்?”

“மூணு மணித்தியாலம் தங்கச்சி.”

“மறுகா சிங்கப்பூர்க் கடைக்குப் போக?”

“எல்லாம் சேத்து ஒரு நாள்.”

“அங்க பெட்டியத் திறக்கக்குள்ள எத்தின செத்துக் கிடக்கு?”

அஹமட் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். அவர் வெளியே சொல்ல விரும்பாத விஷயம் அது.

“நூத்துக்குப் பதினைஞ்சு.”

“எங்கட நண்டு ஈரச் சாக்குக்குள்ள, கண்டல் இலைக்குள்ள பதினாலு மணித்தியாலம் கிடந்துதான் ஒங்கட கைக்கு வரும். ஒம்பது இடத்தில இறக்கி ஏத்துவாங்க. நோஞ்சான் நண்டெல்லாம் வழியில மன்னம்பிட்டிக்கு முன்னமே கண்ண மூடிரும். அது எங்கட பாடு. தப்பி வாறத மட்டும் நீங்க எடுங்க. அதுக்குச் சிங்கப்பூர் என்ன, சந்திரமண்டலமே பக்கத்து ஊருதான்.”

அஹமட் முதல் நான்கு கோடுகளையும் ஒரே கீறில் வெட்டிவிட்டார். ஐந்தாவதில் எழுதினார்: ‘பாதை மிக மோசம். ஆகவே பலவீனமான நண்டு கொழும்புக்கே வராது.’

முதலாளிமார் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பத்துப் பெட்டி கேட்டார்கள். சிங்கப்பூரில் திறந்தபோது நூற்றுக்கு மூன்றுதான் செத்திருந்தது. ஓடர் கல்லடிக்கு. சீனித்தம்பி வீட்டில் அன்றைக்குக் கோழிக் கறி.

அடுத்த பெப்ரவரியில் போர் நிறுத்தம். சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. லொறி ஏழு மணித்தியாலத்தில் கொழும்பைத் தொட்டது. ஊர் முழுக்க ஒரே சந்தோஷம்.

மூன்றாவது கிழமை டெலிபோன் அடித்தது. இப்போது அதுவும் வேலை செய்தது.

“தங்கச்சி,” அஹமட் குரலைத் தாழ்த்தினார். “ஆருக்கிட்டயும் சொல்லிராத. சமாதானம் நம்மட நண்டுக்கு ஒத்துக்கல்ல.”

“எத்தின?”

“நூத்துக்குப் பதினாறு. முதலாளிமார் திரும்பியும் புத்தளத்தப் பாக்கிறாங்க. ஒரு கிழமைதான் தவணை.”

அன்னப்பூரணி போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். எந்த வேலையையும் நேரத்துக்கு முடிக்காத மனிதர். பத்து வருடமாக அவள் திட்டித் தீர்த்த குணம்.

மறுநாள் காலை லொறிச் சாரதி இளையதம்பி நண்டுப் பெட்டிகளோடு படலையைத் தாண்டப் போனான். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயிறு. கயிற்றுக்குப் பின்னால் சீனித்தம்பி.

“இறங்கு. பெட்டியெல்லாத்தையும் இறக்கு. எங்க போறாய்?”

“கொழும்புக்கு அண்ணே! நீங்கதானே அனுப்புறீங்க!”

“அடையாள அட்ட?”

“என்னண்ணே இது! நாடே சமாதானம்...”

“அட்டய எடு!”

இளையதம்பி எடுத்துக் காட்டினான். சீனித்தம்பி அதைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார், தேத்தண்ணீர் குடித்தார், இன்னொரு தரம் வாசித்தார். பெட்டிகள் நிழலில் இறங்கின, ஏறின, மீண்டும் இறங்கின. ஏழு மணித்தியாலம் கழிந்துதான் கயிறு அவிழ்ந்தது. செத்ததையெல்லாம் அன்னப்பூரணி பொறுக்கி வெளியே போட்டாள்.

அந்தக் கிழமை சிங்கப்பூரில் நூற்றுக்கு இரண்டு.

வருட முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அதே படிவம் வந்தது. அன்னப்பூரணியே நிரப்பினாள். கரண்டு, டெலிபோன், ரோட்டு. மூன்றையும் இந்தத் தடவை பொய்யில்லாமல் எழுத முடிந்தது. நாலாவது, வாவி.

ஐந்தாவது கோட்டில் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்: ‘என் வீட்டுக்காரர்.’