ஓட்டிப் பார்க்காமல் விடுவதில்லை

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் யாரிடமும் ஒப்படைக்க மாட்டேன். தொழிலில் எனக்கு இருக்கிற ஒரே நல்ல பெயர் அதுதான். வீட்டில் அதுவும் இல்லை.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். போன மாதம் தொண்டை வலி வந்து தானாகவே போயிற்று. பிறகு முட்டியில் வலி. அது விட்டதும் கணுக்காலில், அப்புறம் மணிக்கட்டில். "வாடகை வீடு மாத்துற மாதிரில்ல மாத்துது" என்று நான் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. வாலுவின் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ருமாட்டிக் காய்ச்சல். போன மாசத் தொண்டைக் கிருமியோட வேலை. மூட்டு வலி போயிடும். ஆனா இதயத் தசை வீங்கியிருக்கு. மாத்திரை தரேன். நான் சொல்ற வரைக்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது."

மாத்திரை ஆரம்பித்த சில நாளிலேயே வலி பறந்துவிட்டது. வாலு தலையணையை என்மேல் எறிந்தாள். நான் அவள் நெஞ்சில் காதை வைத்தேன். இன்ஜின் சத்தத்திலேயே கோளாறு சொல்கிற காது அல்லவா. தாளம் தப்பவில்லை, வேகம் மட்டும் கொஞ்சம் கூடுதல். குஷியில் இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

"மாடிவரைக்கும் ஒரு தடவை போய்ட்டு வா, பாப்போம்."

"ஓட்டிப் பாக்கறீங்களாப்பா?"

"ஆமா. முதல் கியர்லயே போ."

அவள் அம்மா கடைக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் என்னைத்தான் மாடியிலிருந்து தள்ளிவிட்டிருப்பாள்.

பாதிப் படியில் வாலு உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வந்தாள், மூச்சு இடம் கொடுக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் என் செருப்பு எங்கே விழுந்ததோ தெரியாது.

ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, அவள் மூச்சு சீரான பிறகுதான் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"வண்டின்னா நிறுத்தி வச்சு ரிப்பேர் பண்ணுவீங்க. இதை நிறுத்த முடியாது. ஓடிக்கிட்டேதான் ஆறணும். அதான் பாரம் ஏத்தாம படுக்க வைக்கச் சொன்னேன். வலி போனா வீக்கமும் போச்சுன்னு யார் சொன்னது?"

சொன்னது என் காது. "முழுசா சரியாயிடுமா?" என்றேன்.

"தசை தேறிடும்னு நம்பறேன். வால்வு எப்படி இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது. இன்னொரு தடவை இந்தத் தொண்டைக் கிருமி வந்தா மறுபடி இதயத்தைத்தான் பிடிக்கும். அது வராம இருக்க மூணு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கா. ஒண்ணுகூட விடக் கூடாது."

நடந்ததையெல்லாம் வாலு அம்மாவிடம் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான். "அந்தக் காதைக் கழட்டிப் பட்டறையிலேயே வச்சுட்டு வாங்க."

இப்போது வாலு குளியலறைக்குப் போவதும் என் தோளில்தான். இன்று காலை என் மார்பில் காதை வைத்துக்கொண்டு வந்தாள்.

"உங்க இன்ஜின்தாம்பா ரொம்ப அடிக்குது."

"பழைய வண்டிம்மா."

படிக்கட்டைத் தாண்டும்போது தலையைத் தூக்கிப் பார்த்தாள். "எனக்கு மறுபடி எப்பப்பா ஓட்டிப் பாக்கறது?"

"டாக்டரம்மா சொல்லட்டும்" என்றேன். படிக்கட்டுப் பக்கம் நான் திரும்பவில்லை. அவளைப் படுக்கையில் இறக்கிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டு, காதை வைக்காமல் வெளியே வந்தேன்.