குழாய் வளர்ந்த நிலம்

அங்காளம்மாவின் நிலத்தில் கீரை மட்டும் வளரவில்லை, போர் குழாயும் வளர்ந்தது. பதினான்கு வருஷமாக அவள் அப்படித்தான் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? சேலையூர் கேம்ப் ரோட்டில் கீரை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டாள்.

மேடவாக்கம் தாண்டி, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அவளுக்கு முக்கால் ஏக்கர். முட்டியளவு தண்ணீரும் சம்புப் புல்லுமாகக் கிடந்த இடம். புருஷன் இறந்த வருஷம் தானே மண்வெட்டி பிடித்து வடிகால் வெட்டினாள். தண்ணீர் வடிந்ததும் உள்ளே இருந்த மண்ணைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். கன்னங்கரேலென்று, பஞ்சு போல, உரமே கேட்காத மண். முளைக்கீரையும் சிறுகீரையும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. ஒண்டியாக நின்று தண்ணீரை ஜெயித்தவள் என்ற பேர் அவளுக்கு அக்கம்பக்கத்தில் உண்டு. அந்தப் பேர் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் மூன்று வருஷமாக மழைக்காலத்தில் தண்ணீர் வந்து நின்றுகொண்டு போக மாட்டேன் என்றது. போன ஐப்பசியில் இருபது நாள் நின்று எல்லாவற்றையும் அழுக வைத்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் நிலத்தை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் ஜேசிபி ஓட்டும் தம்பி லோகுவைக் கூப்பிட்டிருந்தாள். வடிகாலை இன்னும் இரண்டடி ஆழமாக்கிவிட்டால் தீர்ந்தது.

அன்றைக்குக் காலையில் சுப்ரஜாவும் அங்கே இருந்தாள். சேலையூரில் குடியிருப்பவள், காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பவள், அங்காளம்மாவிடம் வாடிக்கையாகக் கீரை வாங்குகிறவள். கீரை வேரில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணைப் பார்த்து, "இது எந்த இடத்து மண்ணுக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், நாலு மாசமாகப் பாத்திகளுக்கு நடுவே வெள்ளைப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, மண்ணிலிருந்து வரும் வாயுவை அளந்துகொண்டிருந்தாள். பெட்டிதானே, சோறா கேட்கிறது என்று அங்காளம்மாவும் விட்டுவிட்டாள்.

வண்டி உள்ளே திரும்ப வழி இல்லாமல், போர் குழாயை மூடியிருந்த பீர்க்கங்கொடியை லோகு இழுத்துப் போட்டான். அங்காளம்மா பெருமை அடித்துக்கொண்ட அந்தக் குழாயை அப்போதுதான் சுப்ரஜா முழுசாகப் பார்த்தாள். முட்டி உயரத்திலிருந்து இடுப்புக்கு மேல்வரை வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள்.

"இதெல்லாம் யாருக்கா வச்சது?"

"நான்தான். வருசா வருசம் ஆடிப் பதினெட்டுக்கு வெப்பேன். குங்குமம் மழைல கரையுதுன்னு ஆட்டோ பெயின்ட்டுல வெக்கிறது. எப்பவும் முட்டி ஒசரம்தான். மொதப் பொட்டு இப்ப இடுப்பத் தாண்டிப் போய்ட்சி பாரு! பூமாதேவி குழாயத் தூக்கிக் குடுத்துகினே கீறா."

சுப்ரஜா டேப்பை எடுத்து அளந்தாள். இரண்டு தரம் அளந்தாள்.

"குழாய் வளரலைக்கா. அது எண்பதடி கீழே களிமண்ல கெட்டியா நிக்குது. உங்க நிலம்தான் இறங்கியிருக்கு. கிட்டத்தட்ட ரெண்டடி."

அங்காளம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு கூடை மண்ணு வித்தவ இல்ல நானு. ரெண்டடி மண்ண எவன் அள்ளிகினு போனான்?"

"யாரும் அள்ளலை. காத்துல போச்சு. இது ஆயிரக்கணக்கான வருஷமா விழுந்த சம்பும் கோரையும்க்கா. தண்ணிக்குள்ள இருந்தவரைக்கும் காத்து படாம அப்படியே தங்கிச்சு. வடிகால் வெட்டினதும் காத்து பட்டு மக்கி, கார்பன் டை ஆக்சைடா பறந்துடுது. உலகம் சூடாகுதுங்கறாங்களே, அந்த கேஸ்தான். நிலம் இறங்கினா தண்ணி நிக்கும். நிக்குதேன்னு ஆழமா வெட்டினா இன்னும் இறங்கும்."

கத்தரிக்காயைக்கூட அமுக்கிப் பார்க்காமல் வாங்காதவள் அங்காளம்மா. இதை மட்டும் வாய்வார்த்தையில் வாங்கிக்கொள்வாளா? காய்ந்த பாத்தியில் பெட்டியை வைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே குந்திக்கொண்டாள். பெட்டியோடு இணைத்த மிஷினில் நம்பர் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடியது. பிறகு வடிகால் எட்டாத வடக்கு மூலைக்குப் போனார்கள். அங்கே கணுக்கால் தண்ணீரில் பொன்னாங்கண்ணி தன்பாட்டுக்கு மண்டிக் கிடந்தது. அங்கே வைத்தபோது நம்பர் நகர்வதற்கே யோசித்தது.

"மறைக்கக் கூடாது பாருங்க, தண்ணி நின்னா மீத்தேன்னு வேற ஒரு கேஸ் கொஞ்சம் வரும்," என்றாள் சுப்ரஜா. "ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் வடிகாலை மூடறதுதான் நல்லது. மிச்ச மண்ணாவது தங்கும்."

அங்காளம்மா வடிகால் கரையில் போய் நின்றாள். கை கொப்புளிக்க அவள் வெட்டியது. தண்ணீரை ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு, பதினான்கு வருஷமாகத் தன் நிலத்தைத் தானே காற்றுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறாள். அதற்கு வருஷம் தவறாமல் பொட்டு வேறு! வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிற ஜாதி அவள் இல்லை.

"யக்கா, இன்னா சொல்ற? டீசல் எரிஞ்சிகினு கீது," என்று லோகு கத்தினான்.

"வெட்டாத. மூடு."

"இன்னாது?"

"வடிகாலத்தான்டா. மூடு. பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் ஈரத்துலதான் வரும். கேம்ப் ரோட்டுல அதுக்குத்தான் அடிச்சிக்கிறாங்கோ. போட்டுக் காட்றேன் பாரு."

லோகு பாத்திகளைப் பார்த்தான். முளைக்கீரை விரல் உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. "எட்டு நாள்ல அறுக்கப்போற கீரை யக்கா. எல்லாம் முழுவிப்பூடும். அறுத்துட்டு மூடலாமே?"

"எட்டு நாள் கழிச்சி எனக்கு மனசு வராதுடா. அடுத்த வெதப்புக்கு இன்னோர் எட்டு நாளுன்னு சொல்லுவேன். என்ன எனக்குத் தெரியாதா?"

லோகு வண்டியைத் திருப்பினான். மண்ணை அள்ளி வடிகாலின் வாயில் கொட்டினான். மத்தியானத்துக்குள் கசிவு நின்றது. சாயங்காலம் பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் பளபளத்தது. முதல் வரிசைக் கீரை சாய்ந்தபோது அங்காளம்மாவுக்கு அழுகை வந்தது. சுப்ரஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்காளம்மா அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புடவையை முட்டிக்கு மேல் சொருகி, பாத்திக்குள் இறங்கி நின்றாள். தண்ணீர் அவள் கால் விரல்களைத் தொட்டது.

"வா வா," என்றாள் அதைப் பார்த்து. "உன் வூடுதானே."